பதினாலரை மணி நேரம்

பதினாலு மணி முப்பது நிமிடம் என்று போட்டிருந்தானே, அவன் மட்டும் என் கையில் கிடைத்தால் தெரியும் சேதி. சென்னை விமான நிலையம், ஆக்லாந்து விமான நிலையம், இடையே பதினோராயிரத்து இருநூற்று எண்பது கிலோமீட்டர், பயண நேரம் பதினாலு மணி முப்பது நிமிடம். என் மகள் பூங்கோதை கம்ப்யூட்டரில் அந்தப் பக்கத்தைத் தேடிப் படம் பிடித்து எனக்கு அனுப்பியிருந்தாள். உலகத்தைத் தட்டையாக விரித்து வைத்து, இங்கே ஒரு புள்ளி, அங்கே ஒரு புள்ளி, நடுவில் வளைவாக ஒரு கோடு. கோடு போட்டவனுக்கு வழியில் பசிக்காது, ஒன்றுக்கு வராது, விமானம் மாற வேண்டியதில்லை. அந்த இரண்டு ஊருக்கும் நேராகப் போகிற விமானமே கிடையாது என்பதை அவன் ஒரு மூலையிலாவது எழுதியிருக்கலாம். தூரத்தை வேகத்தால் வகுத்தான், மேலுக்கு அரை மணி சேர்த்தான், வேலை முடிந்தது என்று எழுந்து போய்விட்டான். நான் நேற்று இரவு பன்னிரண்டு மணிக்கு விழுப்புரத்தில் வீட்டைப் பூட்டிக்கொண்டு காரில் ஏறினேன். காலை ஆறு மணிக்குச் சென்னையில் விமானம். இப்போது என் கைக்கடிகாரத்தில் மதியம் ஒன்று நாற்பது, சுவரில் இருக்கும் இந்த ஊர்க் கடிகாரத்தில் மாலை நாலு பத்து. கிளம்பிப் பதிமூன்று மணி நாற்பது நிமிடம் ஆகிறது. அவன் கணக்குப்படி இன்னும் ஐம்பது நிமிடத்தில் நான் என் மகள் வீட்டுக் கதவைத் தட்ட வேண்டும். ஆனால் நான் பெயரைச் சொல்லவும் பிடிக்காத ஒரு நடு ஊரின் விமான நிலையத்தில், ஒரு தூணுக்குப் பக்கத்தில், சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன். எனக்கு இரண்டு காலும் நன்றாக இருக்கின்றன. அறுபத்து நாலு வயதில் தினமும் விடியற்காலை நாலு கிலோமீட்டர் நடக்கிறவன் நான்.

நாற்காலி பூங்கோதையின் ஏற்பாடு. "அப்பா, வீல்சேர் போட்டிருக்கேன். ஒண்ணும் சொல்லாதீங்க. எல்லா அப்பா அம்மாவும் அப்படித்தான் வர்றாங்க" என்றாள். எனக்கு என்ன கேடு என்று கேட்டதற்கு, "கேடு ஒண்ணும் இல்லப்பா. நடு ஊர்ல விமானம் மாறணும், எந்தக் கேட்டு எங்க இருக்குன்னு யாரைப் போய்க் கேப்பீங்க? சேர்ல உக்காந்தா அவங்களே கொண்டுபோய் அடுத்த விமானத்துல ஏத்திடுவாங்க. எழுந்து மட்டும் நடந்துடாதீங்க, நல்லா இருக்கறவர்னு தெரிஞ்சா விட்டுட்டுப் போயிடுவாங்க" என்றாள். அவள் சொன்னது வாஸ்தவம்தான். விமானத்திலிருந்து இறங்கியதும் வாசலில் எட்டு நாற்காலிகள் வரிசையாக நின்றன, எட்டிலும் நம் ஆட்கள். ஸ்வெட்டர் போட்ட மாமி, காதை மஃப்ளரால் மூடிய ஒரு பெரியவர், தங்க வளையல் குலுங்க ஒரு தெலுங்கு அம்மா. விமானத்துக்குள் பெட்டியை மேல் தட்டிலிருந்து ஒற்றைக் கையால் இறக்கினவர்தான் அந்த மஃப்ளர்க்காரர், நான் கண்ணால் பார்த்தேன். வாசலுக்கு வந்ததும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு மெல்லச் சாய்ந்து நாற்காலியில் இறங்கினார். நானும் அப்படித்தான் இறங்கினேன், கொஞ்சம் முனகிக்கூட வைத்தேன். வெட்கமாகத்தான் இருந்தது. நீலக் கோட்டுப் போட்ட ஒரு அம்மாள், ஐம்பது வயதிருக்கும், என்னைத் தள்ளிக்கொண்டு வந்து இந்தத் தூணருகில் நிறுத்தி, சக்கரத்தின் பிரேக்கைக் காலால் மிதித்தாள். "யூ சிட். ஐ கம்" என்றாள். இந்த ஊர்க் கடிகாரத்தில் ஒன்று நாற்பதுக்குப் போனவள். இரண்டரை மணி நேரம் ஆகிறது.

முப்பத்தோரு வருஷம் பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பராக இருந்தவனிடமா பயண நேரம் சொல்கிறீர்கள். விழுப்புரத்திலிருந்து செஞ்சிக்கு நாற்பது கிலோமீட்டர். ஒரு மணி நேரம் என்று மேலிடத்திலிருந்து அட்டவணை வரும். எழுதினவர் அந்த ரோட்டில் பஸ்ஸில் போனதுண்டா தெரியாது. அறுவடைக் காலத்தில் பாதி ரோட்டில் நெல் காயும். மீதிப் பாதியில் கரும்பு ஏற்றின டிராக்டர் ஆடி ஆடிப் போகும், அதைத் தாண்ட முடியாது. அட்டவணையில் நெல்லும் கிடையாது, கரும்பும் கிடையாது. பஸ் பன்னிரண்டு நிமிடம் தாமதமாக வந்து நிற்கும். டிரைவர் ஆரோக்கியசாமி வேர்வையைத் துடைத்துக்கொண்டு ஜன்னலுக்கு வந்து, "சார், வழியில..." என்று ஆரம்பிப்பார். நான் நிமிர்ந்து பார்க்க மாட்டேன். பதிவேட்டில் பன்னிரண்டு என்று சிவப்பில் எழுதுவேன். காரணம் எழுத அதில் கட்டம் கிடையாது, நான் என்ன செய்ய என்பேன். அந்த ஆள் என்னைப் பற்றி என்ன நினைத்திருப்பார் என்று இப்போது தெரிகிறது. இந்தப் பதினாலரை மணிக்காரனைப் பற்றி நான் நினைக்கிறதைத்தான் நினைத்திருப்பார். நினைக்கட்டும். எனக்கு இப்போது அதற்கெல்லாம் நேரமில்லை. ஐந்து இருபதுக்கு விமானம். நாலு நாற்பதுக்கு ஏற்ற ஆரம்பிப்பார்கள், ஐந்து மணிக்குக் கதவை மூடுவார்கள். என் சட்டைப் பையில் இருக்கும் சீட்டில் கேட் நாற்பத்தேழு என்று போட்டிருக்கிறது. இந்தத் தூணுக்கு மேலே தொங்குகிற பலகையில் கேட் பன்னிரண்டு என்று இருக்கிறது.

ஐந்து மணிக் கதவுக்குள் நான் போகாவிட்டால் நடப்பது இதுதான். நாளைக்குக் காலை ஏழு இருபதுக்கு ஆக்லாந்தில் இறங்க மாட்டேன். ஒன்பதரைக்குள் ஆஸ்பத்திரியில் சேர வேண்டிய பூங்கோதை, நாலு வயதுக் குழந்தை நேயாவை யாரிடம் விட்டுவிட்டுப் போவாள். மாப்பிள்ளை என்று ஒருத்தர் இருந்தார், இரண்டு வருஷமாக அவர் வேறு ஊரில் வேறு வீட்டில் இருக்கிறார், அவர் பேச்சை எடுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். அந்த ஊர் ஆஸ்பத்திரியில் வீட்டில் துணைக்குப் பெரியவர் இருக்கிறார் என்று சொன்னால்தான் கத்தி வைப்பார்களாம். போன மாதமே நாள் குறித்தார்கள், எனக்கு விசா வரவில்லை, தள்ளி வைத்தார்கள். இந்தத் தடவையும் தவறினால் அடுத்த நாள் ஆறு வாரம் கழித்துத்தான் என்று கண்டித்துச் சொல்லியிருக்கிறார்கள். ஆறு வாரம் அவள் வயிற்றில் அந்தக் கட்டி சும்மா இருக்குமா. "சின்னக் கட்டிதாம்பா" என்றாள் போனில். எங்கே என்று கேட்டேன். "அம்மாவுக்கு இருந்த இடத்துலதான்" என்றாள்.

அதற்குப் பிறகுதான் அந்தப் பக்கத்தை அனுப்பினாள். பதினாலரை மணி நேரம்தாம்பா, ஒரு தூக்கம் போட்டு எழுந்தா வந்துடும், திங்கட்கிழமை காலையில ஆறு மணிக்குக் கிளம்பினா ராத்திரி எட்டரைக்கு இங்க இருப்பீங்க, ஆஸ்பத்திரியில சொல்லிட்டேன் என்றாள். நான் காகிதத்தை எடுத்து எழுதிப் பார்த்தேன். விமானம் மாறுகிற நேரத்தை அவள் சேர்க்கவில்லை. அதுகூடப் போகட்டும். அங்கே கடிகாரம் நம்மைவிட ஆறரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது, அதையும் சேர்க்கவில்லை. ஏழு வருஷமாக அங்கே இருக்கிறவள். எனக்குப் போன் போடும்போதெல்லாம் அங்கே மணி என்ன, இங்கே மணி என்ன என்று விரல் விடாமல் சொல்கிறவள். பத்தாவதில் கணக்கில் நூற்றுக்கு நூறு, பன்னிரண்டாவதில் நூற்றுக்கு நூறு. அவள் ஒரு கூட்டலில் தப்பு விடுகிறாள் என்றால் அவளுக்குள் எவ்வளவு பயம் இருக்க வேண்டும். கட்டி என்றபோது நான் கலங்கவில்லை. அந்தக் கூட்டலைப் பார்த்தபோதுதான் கலங்கினேன். தப்பு என்று அவளிடம் சொல்லவில்லை. டிக்கெட் போடும்போது அவளே பார்த்துவிட்டாள். செவ்வாய்க்கிழமை காலை ஏழு இருபது என்று வந்ததும், "சமாளிச்சுக்கலாம்பா, நேரா ஏர்போர்ட்லேர்ந்தே ஆஸ்பத்திரி போயிடலாம்" என்றாள். குரல் சாதாரணமாக இருந்தது. சாதாரணமாக இருக்கும்படி வைத்துக்கொண்டாள் என்று எனக்குத் தெரியாதா.

இப்போது ஒன்றுக்கு வேறு முட்டுகிறது. விமானத்தில் கொடுத்த ஆரஞ்சு ஜூஸ் இரண்டு டம்ளர். கழிப்பறை எதிரிலேயே இருக்கிறது, இருபதடி. எழுந்து நடந்தால் இருபது வினாடி. எழுந்து நடந்தால் நல்லா இருக்கிறவர் என்று தெரிந்துவிடும். நல்ல நியாயம் இது. காலை இந்த இரும்புத் தட்டில் வைத்து வைத்து முழங்காலுக்குக் கீழே மரத்துப்போய்விட்டது. பொய் சொன்னதற்குத் தண்டனையாகக் கால் நிஜமாகவே போய்விடும் போலிருக்கிறது. எட்டு நாற்காலியில் ஐந்தைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். மீதி நான், மஃப்ளர்க்காரர், அப்புறம் பக்கத்தில் ஞானசௌந்தரி டீச்சர். பாளையங்கோட்டைக்காரர், ரிட்டயரான பள்ளிக்கூட டீச்சர், பிரிஸ்பேனில் இருக்கும் மகன் வீட்டுக்குப் போகிறார். நாலாவது தடவை நாற்காலியில் வருகிறாராம். என் போனில் இந்த இடத்து வைஃபையைப் போட்டுக் கொடுத்ததும் அவர்தான். பையிலிருந்து முறுக்கு எடுத்துக் கடித்துக்கொண்டிருக்கிறார், ஊர்த் திருவிழாவில் உட்கார்ந்திருக்கிற மாதிரி.

"டீச்சர், நாலேகால் ஆயிடுச்சு. அந்தம்மா வரக் காணோம்" என்றேன்.

"வருவாவ சார். எப்பவும் கடைசி நிமிசத்துலதான் வருவாவ. எனக்குப் போன தடவையும் இப்படித்தான். ஆனா கொண்டுபோய் விட்டுட்டாவ."

"உங்க விமானம் எத்தனை மணிக்கு?"

"ஆறரைக்கு."

ஆறரை விமானத்துக்காரருக்கு என் அவசரம் எப்படித் தெரியும். நான் இரண்டு கையையும் பிடியில் ஊன்றி லேசாக எழும்பினேன். டீச்சர் முறுக்குக் கையாலேயே என் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

"எந்திக்காதீங்க சார். எந்திச்சுப் போய்ட்டா, அவிய வந்து பாத்து ஆளக் காணோம்னு பேரை அடிச்சுருவாவ. பொறவு நீங்க அங்கயும் இல்ல, இங்கயும் இல்ல."

உட்கார்ந்துவிட்டேன். இதுதான் எனக்கு என் மேலேயே ஆத்திரம். யாராவது உட்கார் என்றால் உட்கார்ந்துவிடுகிறேன். ஒரு சீருடை போட்ட ஆள் வேறொரு நாற்காலியைத் தள்ளிக்கொண்டு அந்தப் பக்கம் போனான். கையைத் தூக்கினேன். சீட்டைக் காட்டினேன். "ஃபார்ட்டி செவன், சார், ஃபார்ட்டி செவன்" என்றேன். "ஒன் மினிட் அங்கிள்" என்று சிரித்துக்கொண்டே போய்விட்டான். முப்பத்தோரு வருஷம் நான் எத்தனை பேருக்கு ஒரு நிமிஷம் இருங்க என்று சொல்லியிருப்பேன். இங்கிலீஷ் எனக்குப் படிக்க வரும், எழுத வரும், மனு எழுதித் தருகிற அளவுக்கு வரும். வாயைத் திறந்தால் மட்டும் நாலாவது வார்த்தையில் நின்றுவிடுகிறது. அதற்காகத்தான் இந்த நாற்காலி, இங்கிலீஷ் வராததற்குக் காலை முடமாக்கிக்கொண்டேன். நாலு இருபத்தொன்று. போன் ஒலித்தது. பூங்கோதை எழுதியிருந்தாள். அப்பா, கேட்டுக்குப் போயிட்டீங்களா. நான் யோசித்தேன். தூணருகில் விட்டுவிட்டுப் போய்விட்டார்கள் என்று எழுதினால் அவள் அங்கே என்ன செய்வாள். இரண்டு ஆபீசுக்குப் போன் போடுவாள், குழந்தை அழும், ராத்திரி முழுக்கத் தூங்க மாட்டாள், காலையில் அந்த உடம்போடு போய்ப் படுப்பாள். உட்கார்ந்திருக்கேன்மா என்று எழுதினேன். பொய் இல்லையே. அவள் கட்டை விரலைத் தூக்கிக் காட்டுகிற படம் ஒன்றை அனுப்பினாள். கேட்டில் உட்கார்ந்திருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டாள். நினைக்கட்டும் என்றுதானே எழுதினேன்.

எதிரே இருந்த புறப்பாட்டுப் பலகையில் எழுத்துகள் மாறின. ஆக்லாந்து, ஐந்து இருபது, கேட் நாற்பத்தேழு, பக்கத்தில் ஒரு பச்சை விளக்கு. இன்னும் ஏற்ற ஆரம்பிக்கவில்லை. நீலக் கோட்டுக்காரி வந்துவிடுவாள். சக்கர நாற்காலிக்காரர்களைத்தானே முதலில் ஏற்றுவார்கள், சென்னையிலும் அப்படித்தான் செய்தார்கள். வந்துவிடுவாள். அவளுக்கும் எட்டுப் பேர், பத்துப் பேர் இருப்பார்கள், அட்டவணை போட்டவன் ஒருத்திக்கு எத்தனை நாற்காலி என்று யோசித்திருக்க மாட்டான். வராவிட்டால். வந்துவிடுவாள். அடுத்த விமானம் நாளைக்கு இதே நேரத்துக்கு என்றால் புதன்கிழமை காலை. புதன்கிழமை போய் நான் எதைப் பிடிப்பது. பூங்கோதை ஆறு வாரம் அந்தக் கட்டியோடு வேலைக்குப் போவாள், குழந்தைக்குத் தலை சீவி விடுவாள், இன்னும் ஏதாவது கூட்டலில் தப்பு விடுவாள். எழுந்து போய்விடலாமா. அந்த நேரத்தில் நீலக் கோட்டுக்காரி வந்துவிட்டால். பேரை அடித்துவிட்டால். கேட் எந்தப் பக்கம் என்று தெரியாமல் எதிர்ப் பக்கம் நடந்துவிட்டால். உட்கார்ந்திருந்தால் குற்றம் அவர்கள் மேல், எழுந்து போய்த் தவறவிட்டால் குற்றம் என் மேல். அதைத்தான் நான் யோசித்துக்கொண்டிருந்தேன் என்று எனக்கே தெரிந்தபோது கூசிப்போனேன். என் பெண் கத்திக்குப் போகிறாள், நான் குற்றம் யார் மேல் என்று கட்டம் தேடிக்கொண்டிருக்கிறேன்.

இங்கேயே உக்காருங்க, கூப்பிடுவோம் என்று அன்றைக்கும் சொன்னார்கள். பதினோரு வருஷம் ஆகிறது. என் மனைவி வேதவல்லியை ஆபரேஷனுக்கு எடுத்துப் போகிற காலை. கீழ்த் தளத்தில் ஒரு நீளப் பெஞ்சு, பச்சைப் பெயிண்ட். நர்சு சொன்னாள், நான் உட்கார்ந்தேன். என் பக்கமாகத்தான் அவளைத் தள்ளிக்கொண்டு போவார்கள், அப்போது கையைப் பிடித்து ஒரு வார்த்தை சொல்லலாம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். என்ன வார்த்தை என்றுகூட யோசித்து வைத்திருந்தேன். எட்டு மணி, எட்டரை. மாடிக்குப் போய்ப் பார்க்கலாமா என்று இரண்டு தடவை தோன்றியது. போகிற நேரத்தில் இங்கே கூப்பிட்டுவிட்டால் என்று உட்கார்ந்தேன். பின்பக்கம் இன்னொரு லிஃப்ட் இருந்தது, அதில் கொண்டுபோய்விட்டார்கள், யார் மேலும் தப்பில்லை, எப்போதும் அதில்தான் கொண்டுபோவார்களாம். பன்னிரண்டு மணிக்கு என்னைக் கூப்பிட்டார்கள். ரத்தம் நிற்கவில்லை என்றார்கள். எல்லாம் முடிந்து ஊருக்கு எடுத்துப் போகிறபோது வார்டில் இருந்த ஆயாம்மா என்னிடம் வந்து, "அந்தம்மா படிப் பக்கமே எட்டி எட்டிப் பாத்துச்சு சார், உன்னைய. நீ கீழயே உக்காந்துட்டியாமே" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை, சும்மா சொன்னாள். பூங்கோதை அப்போது என் பக்கத்தில்தான் நின்றாள். இருபத்து மூன்று வயது. அவள் இந்தப் பதினோரு வருஷத்தில் ஒரு தடவைகூட அதைப் பற்றி என்னிடம் கேட்டதில்லை. கேட்டிருந்தால் பரவாயில்லை என்று எத்தனையோ நாள் நினைத்திருக்கிறேன். அவர்கள் உட்காரச் சொன்னார்கள் என்றுதான் நானும் எனக்குச் சொல்லிக்கொண்டு வந்தேன். அது நிஜமில்லை. மாடிக்குப் போனால் வேதவல்லி முகத்தைப் பார்க்க வேண்டும், பார்த்தால் நான் உடைந்துபோவேன் என்று பயந்துதான் உட்கார்ந்திருந்தேன். உட்காரச் சொன்னது எனக்குச் சௌகரியமாக இருந்தது. இப்போதும் என்னைக் கட்டிப்போட்டது டீச்சரும் இல்லை, நீலக் கோட்டுக்காரியும் இல்லை. ஆறு வாரம் கழித்தோ, நாளைக்கோ, போய்ச் சேர்ந்தால் என் பெண்ணைக் கத்திக்கு அனுப்பிவிட்டு வெளியே இருக்க வேண்டும். இந்தத் தூணருகில் இருக்கிற வரைக்கும் அது நடக்காது. அவ்வளவுதான் விஷயம். எனக்குப் பயம்.

நாலு முப்பத்தாறு. பச்சை விளக்கு விட்டு விட்டு மின்ன ஆரம்பித்தது, ஏற்றப் போகிறார்கள். நான் கால் தட்டை மடக்கிவிட்டு எழுந்து நின்றேன். வலது கால் தரையில் இருக்கிறதா என்றே தெரியவில்லை, தூணைப் பிடித்துக்கொண்டேன்.

"சார், என்ன இது, உக்காருங்க" என்றார் டீச்சர்.

"என் பொண்ணுக்கு நாளைக்கு ஆபரேஷன் டீச்சர்."

அவர் முறுக்குப் பொட்டலத்தைக் கீழே வைத்தார். "இத மொதல்லயே சொல்றதுக்கென்ன. போங்க. அவிய வந்தா நான் சொல்லிக்கிடுதேன், நடந்தே போய்ட்டார்னு. கேட்டா, கர்த்தர் சொகமாக்கிட்டார்னு சொல்லுதேன். ஓடுங்க."

மஃப்ளர்க்காரர் என்னை அண்ணாந்து பார்த்தார். அவர் முகத்தில் பொறாமை இருந்தது என்று நினைக்கிறேன். தோள் பையை மாட்டிக்கொண்டு நடந்தேன். முதல் வேலையாகக் கழிப்பறைக்குப் போனேன், அதற்கு ஒன்றரை நிமிடம். வெளியே வந்தால் மேலே ஒரு பலகை, கேட் நாற்பது முதல் ஐம்பது வரை, அம்புக்குறி, பதினெட்டு நிமிட நடை. யாருடைய கால் கணக்கு இது. இருபது வயதுக்காரன் நடக்கிற பதினெட்டா, என்னைப் போல ஒரு கால் மரத்தவன் நடக்கிற பதினெட்டா. எந்தப் பலகையைப் பார்த்தாலும் ஒருத்தன் எனக்குப் பயண நேரம் சொல்கிறான். பதினெட்டு என்று வைத்தால் நாலு ஐம்பத்தாறு. நான்கு நிமிடம் மிச்சம். செஞ்சி ரோட்டில் நான்கு நிமிடம் மிச்சம் வைத்த பஸ்ஸை நான் பார்த்ததே இல்லை. நடை என்று சொல்ல முடியாது, பாதி ஓட்டம். இரண்டு பக்கமும் வாசனைத் திரவியக் கடைகள், மனுஷன் உயரத்துக்குச் சாக்லேட் டப்பாக்கள், ஒரு சீன வயசாளி கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு வழி நடுவில் நிற்கிறார். ஓடுகிற தரை ஒன்று வந்தது, அதிலும் நடந்தேன். வலது காலில் ரத்தம் ஏறி ஊசி ஊசியாகக் குத்தியது, குத்தட்டும், கால் இருக்கிறது என்று தெரிகிறதே. கேட் முப்பத்தொன்று. என் பெயரைக் கூப்பிடுகிறார்கள். கல்யாமூர்ட்டி, பாசஞ்சர் கல்யாமூர்ட்டி. என் பெயர் கலியமூர்த்தி ஐயா, திருத்திச் சொல்ல நேரமில்லை, கூப்பிட்டுக்கொண்டே இருங்கள், மூடிவிடாதீர்கள். கேட் முப்பத்தெட்டு. மூச்சு வாங்குகிறது. கூப்பிடுகிற வரைக்கும் கதவு திறந்திருக்கிறது என்று அர்த்தம். கூப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள். இல்லை, மறுபடி கூப்பிடுகிறார்கள்.

கேட்டில் ஒரே ஒரு பெண் நின்றிருந்தாள், கையில் வாக்கி டாக்கி. கடிகாரம் நாலு ஐம்பத்தெட்டு. சீட்டை நீட்டினேன். பெயரைப் படித்தாள், எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். நாற்காலியும் தள்ளுகிற ஆளும் வருகிறார்களா என்று பார்க்கிறாள். "வீல்சேர் பாசஞ்சர்?" என்றாள். நான்தான் என்று நெஞ்சைத் தொட்டுக் காட்டினேன். அவள் முகம் குழம்பியது. ஓரமாக இருந்த காலி நாற்காலி ஒன்றைச் சரக்கென்று இழுத்து என் முன்னால் விட்டு, "ப்ளீஸ் சிட், சார்" என்றாள். "நோ," என்றேன். அடுத்த வார்த்தை வழக்கம் போல நின்றது. கொஞ்சம் மூச்சு விட்டேன். "ஐ கேன் வாக். ஐ டோல்ட் லை. சாரி." சரியான இங்கிலீஷா தெரியாது, அவளுக்குப் புரிந்துவிட்டது. ஒரு வினாடி என்னைப் பார்த்தாள், அப்புறம் சீட்டை மெஷினில் வைத்து எடுத்து என் கையில் கொடுத்து, சீக்கிரம் போ என்று கையை வீசினாள். விமானத்துக்குப் போகிற அந்த நீளக் குழாய்க்குள் இறங்கும்போது போன் ஒலித்தது. பூங்கோதைதான். அங்கே மணி ஒன்பது ஆகப்போகிறது.

"ஏறிட்டீங்களாப்பா?"

"ஏறப்போறேன்மா. நேயா தூங்கிட்டாளா?"

"தூங்கிட்டா. தாத்தா எப்போ, தாத்தா எப்போன்னு கேட்டுட்டே தூங்கினா. என்னப்பா இப்படி மூச்சு வாங்குது? வீல்சேர்ல தள்ளிட்டு வந்தாங்கல்ல?"

"இல்லம்மா. நடந்து வந்தேன். கொஞ்சம் ஓடியும் வந்தேன்."

திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டவில்லை. எனக்கு முன்னால் நின்றவர்கள் ஒவ்வொருவராக உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள். போன் கட் ஆகிவிட்டதோ என்று எடுத்துப் பார்த்தேன், ஆகவில்லை, வினாடி ஓடிக்கொண்டிருந்தது.

"அப்பா."

"சொல்லுமா."

"எனக்குப் பயமா இருக்குப்பா."

"எனக்கும்தாம்மா" என்றேன். இதை நான் என் வாயால் யாரிடமும் சொன்னதில்லை. அவள் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. விமானத்தின் வாசலில் நின்ற பெண் என் சீட்டைக் கேட்டாள், கொடுத்தேன்.

"உள்ள கொண்டுபோற வரைக்கும் உங்கள என்கூட வர விடுவாங்களாம், கேட்டு வச்சுட்டேன்" என்றாள் பூங்கோதை. "அதுக்கப்புறம் வெளியில ஹால் இருக்கு. மூணு மணி நேரம் ஆகுமாம். சோபா எல்லாம் இருக்குப்பா, நீங்க நேயாவை வச்சுக்கிட்டு உக்காந்துக்கலாம்."

"உக்கார மாட்டேன்" என்றேன். "கதவுகிட்டயே நிக்கிறேன்மா."